ஃபோர்ட் கொச்சி ஜங்கார் (வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகு) துறையில் நின்ற சேட்டனுக்கு நன்றி

பெயர் கேட்க மறந்துவிட்டோம். கொச்சி முசிறி பினாலே கலைக் கண்காட்சிக்கும் சேராய் கடற்கரைக்கும் இரண்டே நாளில் போய்வர வழி சொன்ன அந்தச் சேட்டனுக்கு மனமார்ந்த நன்றி.

அவர் சொன்ன முதல் விஷயம்: கண்காட்சி ஒரே கட்டடத்தில் இல்லை. ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் பழைய கிடங்குகள், பண்டகசாலைகள் என்று சிதறிக் கிடக்கும். சனிக்கிழமை முழுவதும் அதற்கே. காணொளிப் படைப்புகளைக் காலையில் பார்த்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் கிடங்குகளின் புழுக்கத்தில் இருட்டறையில் உட்கார முடியாது. உண்மைதான்!

ஃபோர்ட் கொச்சியில் சீன மீன்பிடி வலைகளுக்குப் பக்கத்துக் கடற்கரை பார்க்க மட்டும். பாறைக்கற்களும் கப்பல் வாய்க்காலின் நீரோட்டமும் இருப்பதால் குளிக்க ஆகாது. ஆகாயத்தாமரையும் வந்து ஒதுங்குகிறது. குளிக்க சேராய்தான். ஞாயிறு காலை ஜங்காரில் எதிர்க்கரையான வைப்பின் போய், முனம்பம் பேருந்தில் ஏறி, சேராய் சந்திப்பில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். பேருந்துப் பலகை மலையாளத்தில் இருக்கும், நடத்துநரிடம் கேட்டு ஏறுங்கள்.

காரோடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் தந்தார். ஜங்காரில் வண்டிக்கு இடம் குறைவு, மாலையில் வரிசை நீளும். காரை இக்கரையிலேயே விட்டுவிட்டு நடந்து ஏறினால் காத்திருக்க வேண்டாம். ஞாயிறு மாலை ரயில் பிடிக்க வேண்டியவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை போதும்.

சேட்டா, வளரெ நன்னி.