கண்ணாடியைத் தூக்கிக் காட்டிய அக்காவுக்கு

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு கண்ணிலும் ஐசிஎல் (கிட்டப்பார்வைக்காகக் கண்ணுக்குள்ளேயே பொருத்தும்) லென்ஸ் வைத்தாயிற்று. இதைக் கண்ணாடி இல்லாமல்தான் தட்டுகிறேன். அதுவரைக்கும் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், திரும்ப எதற்கு?

முதல் நன்றி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருந்த உதவியாளர் அக்காவுக்கு. என் பவர் மைனஸ் 14. கண்ணாடி இல்லையென்றால் முகத்திலிருந்து 7 சென்டிமீட்டர் தாண்டினால் எல்லாமே மூட்டம். கண்பாவை விரியச் சொட்டு மருந்து விட ஆரம்பித்ததுமே கண்ணாடியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் வாங்கவில்லை. ஒவ்வொரு தடவை சொட்டு விட்ட பிறகும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "உள்ள போற வரைக்கும் போட்டுக்க கண்ணு. யார் வர்றா போறான்னு தெரியாம உட்கார்ந்தா பயம்தான் ஏறும்."

உள்ளே நடந்ததில் வெளிச்சமும் லேசான அழுத்தமும்தான் ஞாபகம். சுமார் 3 மில்லிமீட்டர் கீறல் வழியாக மடித்த லென்ஸ் போய், பாவைக்குப் பின்னால் விரிந்து உட்கார்ந்துகொண்டதாம். என் சொந்த லென்ஸ் அப்படியே இருக்கிறது.

வெளியே கூட்டிவந்தபோது அந்த அக்கா ஏழெட்டு அடி தள்ளி நின்று எதையோ தூக்கிக் காட்டினார். "இது யாருதுன்னு தெரியுதா?"

என் சோடாபுட்டி! துளை போட்ட பிளாஸ்டிக் மூடி வழியே, மசமசவென்றுதான். ஆனாலும் தெரிந்தது. இத்தனை வருஷம் மூக்கின் மேல் சுமந்ததை எட்ட நின்று வெறுங்கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணைத் தொடக் கூடாது என்பதால் வழிந்ததை வழியவிட்டேன்.

கருவிழி (கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலம், கார்னியா) மெல்லிசு, லேசர் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன டாக்டர், கார்னியாவுக்கும் என் சொந்த லென்ஸுக்கும் நடுவே உள்ள முன்னறை ஆழத்தைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப அளந்தவர், கண் அழுத்தம் பார்த்து முடியும்வரை என்னோடு காத்துக் கிடந்த தம்பி, அலாரம் வைத்துச் சொட்டு விட்ட அண்ணி, தினமும் விசாரித்த நீங்கள் எல்லாரும்: நன்றி.

ராத்திரி விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிகிறது. போகப் போகப் பழகிவிடுமாம். பவர் போனாலும் கிட்டப்பார்வையில் பின்பக்கமாக நீண்டுபோன கண் நீண்டதுதான், விழித்திரைக்கு ஆபத்து குறையாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். வருஷம் தவறாமல் போய்க் காட்டுவேன், இது உங்கள் முன்னால் சொல்லும் வாக்கு.

கண்ணாடியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறாள் அண்ணி. கொடுக்கணும். காலையில் எழுந்ததும் கை இன்னமும் தலைமாட்டில் அதைத்தான் துழாவுகிறது.