28 வயசில் முதல் டெஸ்ட்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சரியாகவே பேசவில்லை. டெல்லி பாலம் மைதானத்துக் கிரிக்கெட் கேம்ப்புக்கு லீவ் கிடைக்கவில்லை, 29 ஆகிவிட்டது, இனி முப்படை வீரர்கள் ஆடும் சர்வீசஸ் டீமுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். லீவ் கொடுக்காததற்கு யூனிட்டில் ஏதாவது காரணம் இருந்திருக்கும். 26 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் என்று பேருக்கு அப்படிச் சொல்கிறேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான்.

29 என்று நீ சொன்னதும் பழைய டெஸ்ட் ஆட்டக்காரர் லெப்டினன்ட் கர்னல் ஹேமு அதிகாரி ஞாபகம் வந்தது. புனேயில் 1919இல் பிறந்தவர். பள்ளிக்கூட வயசிலேயே முதல்தர ஆட்டத்துக்கு வந்துவிட்டார். நல்லா ஆட வேண்டிய வருஷங்களை உலக யுத்தம் தின்றுவிட்டது. முதல் டெஸ்ட் ஆடியது 1947 கடைசியில், ஆஸ்திரேலியாவில். அப்போது அவருக்கு 28. அடுத்த வருஷம் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸ் 631 எடுத்தது, அதில் நாலு பேர் சதம். நம்ம பக்கம் கடைசிவரை அவுட் ஆகாமல் நின்று 114 எடுத்தவர் இவர்தான். 1952இல் அதே டெல்லியில் பாகிஸ்தானோடு, கடைசி விக்கெட்டுக்கு குலாம் அகமதுவைக் கூட வைத்துக்கொண்டு 109 சேர்த்தார். டாக்காவில் சச்சினும் ஜாகீர் கானும் வந்து அந்தக் கடைசி விக்கெட் சாதனையை முறியடிக்க 52 வருஷம் ஆனது.

1958-59 கதைதான் உனக்குச் சொல்ல வேண்டியது. வெஸ்ட் இண்டீஸின் வேகப்பந்துக்காரர்கள் வெஸ்லி ஹால், கில்கிறிஸ்ட் இரண்டு பேரும் நம்மவர்களைப் போட்டு வாங்கிய தொடர். முதல் டெஸ்டுக்கு உம்ரிகர் கேப்டன். அப்புறம் குலாம் அகமது. நம்ம மெட்ராஸ் டெஸ்டுக்கு முந்தின ராத்திரி, டீம் எடுப்பதில் மனஸ்தாபமாகி உம்ரிகர் விலகிவிட, மன்கட் தலையில் கட்டினார்கள். டெல்லியில் கடைசி டெஸ்டுக்குக் கேப்டனாக ஹேமு அதிகாரியைக் கூப்பிட்டார்கள். வயசு 39. தொடரில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடாத மனுஷர். அதைப் பெரிய கௌரவம் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு ஆள் அகப்படவில்லை என்பதுதான் என் கணக்கு. ஆனால் போனவர் 63, 40 என்று இரண்டு இன்னிங்ஸிலும் அடித்தார். போதாததற்கு லெக் பிரேக் போட்டு 3 விக்கெட். அவர் டெஸ்ட் வாழ்க்கையில் எடுத்த விக்கெட்டே அந்த மூன்றுதான்! ஆட்டம் டிரா. அதற்கப்புறம் அவர் டெஸ்ட் ஆடவில்லை. மொத்தமே 21 டெஸ்ட்.

உன் சர்வீசஸ் டீமை ரஞ்சி பைனலுக்குத் தொடர்ந்து இரண்டு வருஷம் கொண்டுபோனவரும் அவரே. முதல் வருஷம் பம்பாயிடம் தோல்வி. அடுத்த வருஷம், முன்பு தான் ஆடிய பரோடாவிடமே தோல்வி. கோப்பை இன்றுவரை உங்கள் பக்கம் வரவில்லை.

1971இல் ஓவலில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்தில் நாம் முதன்முதலாகத் தொடரை ஜெயித்தோமே, அந்த டீமுக்கு மேனேஜர் அவர். மூணு வருஷம் கழித்து லார்ட்ஸில் 42க்குச் சுருண்டபோதும் அவரே மேனேஜர். அதையும் சொல்லாவிட்டால் நீ என்னைக் கிண்டல் பண்ணுவாய்.

39 வரைக்கும் காத்திரு என்று சொல்கிறேன் என எடுத்துக்கொள்ளாதே. அந்தக் காலம் வேறு, இப்போது 19 வயசுப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். வருகிற வருஷக் கேம்ப்புக்கு லீவ் மனுவை இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, அவ்வளவுதான்.

நேற்று பரண்மேல் இருந்த உன் பேட்டை இறக்கினேன். அம்மா பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தாள். அடிமுனையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், மற்றபடி கட்டை நல்லாவே இருக்கிறது. கைப்பிடி சொருகின இடத்தில் படாமல் லின்சீட் ஆயில் தடவித் திண்ணையில் படுக்க வைத்திருக்கிறேன். வீடு பூரா அந்த வாசனைதான். பக்கத்துத் தெருப் பையன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறுகிறான், உன் ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறான். அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கிரிப் கிழிந்திருக்கிறது, நீயே மாற்றிக்கொள். முறுக்கும் எள்ளடையும் தனியாகக் கட்டியிருக்கிறாள், பேட் உறைக்குள் வைக்க நான் விடவில்லை.

இப்படிக்கு,
அப்பா