கயிற்றின் மறுமுனையில் நிற்கும் பிள்ளை: திருகோணமலைப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும்,

வணக்கம். ஞாயிறு காலைகளில் உங்கள் பிள்ளைகளுக்குப் பாறை ஏறப் பழக்குபவள் நான். உங்களில் அநேகருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறத் தொடங்கியதும் "பிள்ளை வெளிக்கிட்டிட்டாளோ?" என்று நீங்கள் எடுக்கும் அழைப்புகள் என் தொலைபேசிக்குத்தான் வருகின்றன. பிள்ளைகள் என்னை அக்கா என்கிறார்கள். அவர்களின் தாய்மார் சிலர் என்னைவிட இளையவர்கள். அதை நான் திருத்தப் போவதில்லை.

ஏ.எல். (உயர்தர) வகுப்புத் தொடங்கினால் வழக்கமாக நடப்பது இந்த வருடமும் நடந்திருக்கிறது. நன்றாக ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் போகிறார்கள். "அக்கா, இனி வரமாட்டன், அம்மா ஏசுறா" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி, பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று. அதோடு சரி.

உங்களோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. பௌதிகவியலுக்கு ஒரு ரியூசன், இரசாயனவியலுக்கு ஒரு ரியூசன் என்று கடன்பட்டுக் காசு கட்டுகிற வீட்டில், பிள்ளை விடியற்காலை எழும்பிப் பாறை ஏறப் போவதைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். "இதால என்ன வரப்போகுது?" என்று ஒரு அப்பா நேராகவே கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான்.

ஆனால் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கிரிக்கெட்டில் ஒருவர் வராவிட்டால் இருக்கிறவர்களை வைத்துச் சமாளிக்கலாம். ஓடுகிற பிள்ளை தனியே கடற்கரையில் ஓடலாம். கயிறு கட்டிப் பாறை ஏறுவது அப்படியல்ல. ஏறுவது ஒருவர், கீழே நின்று கயிறு பிடிப்பது இன்னொருவர். நீங்கள் உங்கள் பிள்ளையை வீட்டில் மறித்தால் இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். மற்றப் பிள்ளை யாரென்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஞாயிறு காலை ஹார்னஸை (கயிறு கட்ட இடுப்பில் மாட்டும் வாரை) மாட்டிக்கொண்டு, யாரோடு சேர்வது என்று தெரியாமல் நிற்பாள்.

"வேற ஆரையும் பிடிக்கச் சொல்லலாம்தானே?" சொல்லலாம். ஆனால் லேசில் கிடைக்காது. முதலில் எடை பார்க்கவேண்டும். பாரமான பிள்ளை மேலிருந்து விழுந்தால், மெலிந்த பிள்ளை கயிற்றோடு நிலத்தைவிட்டுத் தூக்கப்பட்டுவிடும். அடுத்தது பழக்கம். கயிறு பிடிப்பது வெறுமனே இழுத்துப் பிடிப்பதல்ல. ஏறுகிறவருக்குக் கை எட்டவேண்டிய நேரத்தில் கயிறு இளகவேண்டும், கால் நடுங்கும் நேரத்தில் இறுகவேண்டும். நல்ல சோடி ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை. மேலே இருப்பவரின் முழங்கால் ஆடுவதைப் பார்த்தே கீழே இருப்பவருக்கு விளங்கிவிடும். அந்தப் பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும்.

தரையைவிட்டுக் கால் எடுக்குமுன் ஒரு சடங்கு உண்டு. ஒருவரின் ஹார்னஸ் வாரையும் எட்டு முடிச்சையும் மற்றவர் தொட்டுப் பார்ப்பார். கயிறு பிடிப்பவரின் கருவியையும், அதைக் கொழுவும் கரபைனர் என்ற உலோக வளையத்தின் பூட்டையும் ஏறுகிறவர் தொட்டுப் பார்ப்பார். பகிடி விட்டுக்கொண்டு இதைச் செய்தால் அன்று அந்தச் சோடிக்கு ஏற்றம் இல்லை. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், 1989 இல் பிரான்ஸில் லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஏறினார். உச்சிக்குப் போய்க் கயிற்றில் சாய்ந்தபோது 20 மீற்றருக்கும் மேலே இருந்து விழுந்தார். இடையில் ஒரு மரம் தாங்கியதால் உயிர் தப்பினார். அவர் கற்றுக்குட்டி அல்ல. அந்தக் காலத்தில் உலகின் முன்னணியில் இருந்தவர். நான்கு வருடம் கழித்து, அமெரிக்காவின் எல் கப்பிற்றான் மலையின் நோஸ் என்ற பாதையை, கயிற்றிலோ ஆணியிலோ பாரம் போடாமல் கைகாலால் மட்டும் முதன்முதலில் ஏறி முடித்ததும் அவர்தான். அப்படிப்பட்டவருக்கே தன் முடிச்சைப் பார்க்க இன்னொரு சோடிக் கண் தேவைப்பட்டது.

பதினாறு வயதுப் பிள்ளைக்கு இன்னொருவரின் உயிரைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் வந்து பார்க்கவேண்டும். வீட்டில் கோப்பையைக் கழுவி வைக்காத பெடியன், கயிறு கையில் இருக்கும்போது தொலைபேசி அடித்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். (கோப்பை விஷயத்தில் என்னால் உதவ முடியாது.)

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஊரில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே றோட்டால் போய் வேறு வேறு பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைகிறார்கள். ரியூசனும் வேறு, விளையாட்டுப் போட்டியும் வேறு. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுமளவுக்குப் பழகாமலே வளர்ந்துவிடலாம். எங்கள் கூட்டத்தில் எடைக்கு எடை பொருந்துகிறதா என்றுதான் சோடி சேர்க்கிறோம். அப்படிச் சேர்ந்ததில் உப்புவெளிப் பிள்ளையும் கிண்ணியாப் பிள்ளையும் இப்போது ஒருவர் வீட்டுப் பெருநாளுக்கு மற்றவர் போகிறார்கள். நான் இதற்கென்று ஒரு திட்டமும் போடவில்லை. போட்டிருந்தால் நடந்திருக்காது என்றுகூட நினைக்கிறேன்.

ஏறி முடித்து, கயிறு சுற்றி, பிளேன்ரீயும் பணிசும் கையில் வந்த பிறகு நடக்கும் பேச்சுத்தான் பிள்ளைகளுக்கு உண்மையான ஞாயிற்றுக்கிழமை. யார் யாரோடு கோபம், எந்த ஆசிரியர் எந்தக் கேள்வி போடுவார், யாருடைய அண்ணா கனடா போகிறார், எல்லாம் வரும். அப்புறம் கனவுகள். ஒருத்திக்குத் தாதியாக வேண்டும். ஒருவனுக்கு எவரெஸ்ட். இன்னொருவன் 2028 இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் என்பான், மற்றவர்கள் அவன் தலையில் தட்டுவார்கள்.

எவரெஸ்ட் என்று சொல்பவனுக்கு நான் எப்போதும் ஒரே கதையைத்தான் சொல்வேன். 2016 மே 21 இல் ஜயந்தி குரு உதும்பால உச்சியைத் தொட்டார். எவரெஸ்ட் ஏறிய முதல் இலங்கையர் ஒரு பெண். அவரோடு ஒன்றாகப் புறப்பட்ட ஜொஹான் பீரிஸ் உச்சிக்குச் சுமார் 400 மீற்றர் இருக்கும்போது ஒட்சிசன் பிரச்சினையால் திரும்பி இறங்கினார். 2018 இல் மறுபடி போய் ஏறினார். நம் பிள்ளைகள் ஜயந்தியைப் பற்றிக் கொஞ்சம் கேட்டு, ஜொஹானைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அவ்வளவு கிட்டப் போய்விட்டு எப்படித் திரும்பினார் என்று. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியில் ஒரு தசமம் குறைந்தால் வாழ்க்கை முடிந்தது என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் அல்லவா?

ஒலிம்பிக் பெடியனுக்குச் சொல்வது வெத்ரிக் லியோனார்டோவின் கதை. இந்தோனேசியாவின் பொந்தியானாக் நகரத்தவர். பூமத்திய ரேகை ஓடுகிற, ஆற்றங்கரையில் அமைந்த தட்டையான ஊர்; மலைக்குப் பேர்போன இடமல்ல. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் 15 மீற்றர் சுவரை 4.75 வினாடியில் ஏறித் தங்கம் எடுத்தார். அதுவரை அந்த நாடு எடுத்த ஒலிம்பிக் தங்கம் எல்லாமே பட்மின்டனில். நம் பிள்ளைகளுக்குப் பழக அப்படியொரு சுவர் கிடையாது. இவர்களில் ஒருவர் ஒலிம்பிக் போவார் என்று உங்களுக்கு ஆசை காட்டமாட்டேன். ஆனால் அந்த ஓட்டக் காணொளியைப் பார்த்துவிட்டு, நிறுத்துக் கடிகாரம் பிடித்துக்கொண்டு அவர்கள் அடிக்கிற கூத்தைப் பார்த்தால், போகாவிட்டால் என்ன என்று தோன்றும்.

சரி, உங்கள் பயங்களுக்கு வருகிறேன்.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நாங்கள் ஏறுவதில்லை. இராவணன் வெட்டைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் கை துருதுருக்கும், எனக்கும்தான். ஆனாலும் அது கும்பிடுகிற இடம். அங்கே நாங்கள் பக்தர்கள் மட்டுமே. நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாமலைத் தீவிலும் ஏறுவதில்லை. அது 2003 முதல் தேசியப் பூங்கா. கடலோரத்தில் மணலுக்கு மேல் நிற்கும் உயரம் குறைந்த பாறைகளில் கயிறில்லாமல் ஏறுகிறோம்; கீழே மெத்தை, பக்கத்தில் ஆட்கள். அவர்கள் விழுபவரைத் தாங்கிப் பிடிப்பதில்லை. தலையும் முதுகும் அடிபடாமல், கால் மெத்தையில் ஊன்றும்படி திருப்பிவிடுவார்கள். கயிறு கட்டும் ஏற்றமெல்லாம் உள்ளே தள்ளி இருக்கும் குன்றில், காணிக்காரரின் அனுமதியோடு, மேலே உள்ள பெரிய மரங்களில் கட்டி.

கடற்பாறையில் இரும்பாணி அடித்து உயரமான பாதை போட்டால் என்ன என்று பெடியள் கேட்டபடியே இருக்கிறார்கள். மாட்டேன் என்கிறேன். தாய்லாந்தின் றைலே கடற்கரைப் பாறைகளில் அடித்த துருப்பிடிக்காத எஃகு ஆணிகள், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உப்பினால் உள்ளுக்குள் வெடித்து, கையால் முறிக்குமளவுக்குப் போயின. பிறகு அங்கே தைற்றேனியம் ஆணிகளை மாற்றிப் போடவேண்டி வந்தது. அதை வாங்க நம்மிடம் வசதி இல்லை. வசதி இல்லையென்றால் ஏறாமல் விடுவது, அவ்வளவுதான்.

ஒரு அப்பா அன்போடு படகுக் கயிறு ஒரு கட்டுக் கொண்டுவந்து தந்தார். நல்ல கயிறு, ஆனால் மெத்தை கட்டத்தான் பாவிக்கிறோம். ஏறும் கயிறு விழுபவரின் வேகத்தை இழுபட்டு உள்வாங்கும்படி செய்து, விழவைத்துச் சோதித்து விற்பது. இழுபடாத கயிற்றில் விழுந்தால், கயிறு அறாவிட்டாலும் உடம்பில் பலத்த காயம் வரலாம். ஆகவே கடையில் மலிவாகக் கிடைத்தது என்று தயவுசெய்து ஒன்றும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

விரல் பற்றி. வளரும் வயதில் விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு பலவீனமானது. விரல் நுனியில் தொங்கிப் பலம் கூட்டும் கடும் பயிற்சியால் அதில் வெடிப்பு வரலாம். நாங்கள் அதைச் செய்யவிடுவதில்லை. வீட்டில் கதவுச் சட்டத்தில் தொங்குகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் தொங்குவார்கள்.

சாப்பாடு இதைவிட முக்கியம். மெலிந்தால் நன்றாக ஏறலாம் என்று பட்டினி கிடக்கும் பழக்கம் உலகமெங்கும் இந்த விளையாட்டைப் பிடித்த வியாதி. உலகக் கூட்டமைப்பே 2024 இல் போட்டியாளர்களின் உடல்நிலை பற்றி விதி கொண்டுவரும் நிலை வந்தது. உங்கள் மகள் திடீரென்று சோற்றை ஒதுக்கினால், மாதவிலக்குத் தள்ளிப்போனால், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏறவிடாமல் நிறுத்துவதில் உங்களுக்கு முன்னால் நான் நிற்பேன்.

ஊர்ப் பேச்சு. பெண் பிள்ளைகளை நிறுத்தும்போது நீங்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் விபத்து அல்ல, "சனம் என்ன சொல்லும்". நீட்டுக் கையும் நீட்டுக் காற்சட்டையும் போட்டு, முக்காட்டைத் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டு நம் பிள்ளைகள் ஏறுகிறார்கள். அதில் குறை காண்பவர்கள் எதிலும் குறை காண்பார்கள். ஒரு வீட்டில், "மரமேறுகிற சாதியோ நாங்கள்?" என்று கேட்டதாகவும் அறிந்தேன். பனை ஏறியவர்களின் உழைப்பில் கள் குடித்தும் கருப்பட்டி தின்றும் வளர்ந்த ஊர்களில் இந்த வாய் எங்கிருந்து வருகிறதோ! காலில் தளைநார் போட்டு வாழ்க்கை முழுக்கப் பனை ஏறிய ஒரு பெரியவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளையள், கையை நம்பாதேங்கோ, காலில நில்லுங்கோ" என்றார். விலையுயர்ந்த பயிற்சி வகுப்புகளில் முதல் நாள் சொல்லித் தருவதும் அதுதான். அவரை மறுபடி கூட்டிவர முயன்றுகொண்டிருக்கிறேன். முழங்கால் வலி என்கிறார்.

இப்போது நான் கேட்பது. மாரி தொடங்கினால் பாறை நனைந்துவிடும், நாங்களே பெரும்பாலும் ஏறுவதில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை ஒன்பதுக்கு மேல் பாறையில் கை வைக்க முடியாது. ஆகவே நீங்கள் நினைக்குமளவுக்கு நேரம் போவதில்லை. ஏ.எல். படிக்கும் பிள்ளையை மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை விடுங்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் வரவேண்டாம் என்று நானே சொல்லுவேன், விரல் சுளுக்கினால் பேனை பிடிக்க முடியாது. முற்றாக நிறுத்துவதாக முடிவெடுத்தாலும் ஒரு மாதம் முன்பாகச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைக்கு ஒரு துணையைப் பழக்கிவிட அந்த மாதம் தேவை. போகிற பிள்ளையே நின்று பழக்கிவிட்டுப் போகட்டும். அழுகிற முகத்தை அனுப்பிவிட்டு மறைந்துபோகிற வேலை வேண்டாம்.

வருகிற ஞாயிறுகளில் ஒன்றில் நீங்களும் வாருங்கள். தொப்பியும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். மேலே ஏறச் சொல்லமாட்டோம். பிள்ளைகள் சொல்வார்கள், மறுத்துவிடலாம். இடம் தெரியாவிட்டால் என் எண் உங்களிடம் இருக்கிறதுதானே, வழக்கமாக எடுக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அக்கா
திருகோணமலை