தொழிலாளர் தெருக்களும் வரலாறே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரம்பரியக் கட்டடம் என்றதும் அரண்மனையையும் ஆலயத்தையும் மட்டுமே நினைக்கும் நாம், உழைப்பாளர் குடியிருந்த தெருக்களை இடிபாடாகவே பார்க்கிறோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், பின்சுவரைப் பொதுவாகக் கொண்டு முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகள் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொரு தளத்திலும் ஒரே அறை. பின்பக்கம் சன்னல் இல்லாததால், காற்றும் வெளிச்சமும் முன்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். கழிப்பறையும் துணி துவைக்கும் கொட்டகையும் நடு முற்றத்தில், அத்தனை குடும்பங்களுக்கும் பொதுவாக இருந்தன. அந்த முற்றத்தைப் பார்த்தாலே அங்கு வாழ்ந்தவர்களின் நெருக்கடி புரிந்துவிடும். எந்த ஆவணமும் அதை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

சுகாதாரக் கேடு கருதி அவ்வீடுகளில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. அது தேவையான நடவடிக்கைதான். ஆயினும் எஞ்சிய ஒரு தொகுதியைச் சீரமைத்து, 2004-ல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். அதே நாட்டின் வடபகுதியில், ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் தம் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சால்டேர் குடியிருப்போ 2001-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பெற்றது.

ஆகவே, பழைய தொழிலாளர் தெரு எதையும் இடிக்குமுன் அதன் வீடுகளை அளந்து வரைபடமாக்கி, அங்கு வாழ்ந்த முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்து, ஒரு வரிசையையாவது விட்டுவைக்குமாறு நகராட்சி அமைப்புகளை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்