ஆண்டறிக்கை: வாய்மொழி வரலாற்றுப் பதிவும் லொத்தர் நிதி விண்ணப்பமும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக்குழுவினருக்கும், வந்திருக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தமிழ்ப் பள்ளி, பொங்கல் விழா, கோடை விளையாட்டுப் போட்டி எல்லாம் வழமைபோல் நடந்தன. மண்டப வாடகை கூடியதைப் பற்றிப் பொருளாளர் தமது அறிக்கையில் சொல்லுவார். இவ்வாண்டு குழுவின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது வேறொரு விடயம். எங்கள் மூத்தவர்களின் வாய்மொழி வரலாற்றை ஒலிப்பதிவு செய்ய, லொத்தர் சீட்டுக் காசில் பாரம்பரியப் பணிகளுக்கு உதவும் பிரிட்டனின் தேசிய லொத்தர் பாரம்பரிய நிதியத்திடம் விண்ணப்பித்திருக்கிறோம். ஆகவே இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியே.

போன பொதுக்கூட்டத்துத் தீர்மானத்தில் 'லண்டன் தமிழர் வரலாறு' என்று பொதுவாக எழுதியிருந்தோம். விண்ணப்பத்துக்கு அது போதாது. எந்தக் காலம், யாருடைய நினைவு, இப்போது பதியாவிட்டால் என்ன போய்விடும் என்றெல்லாம் சொல்ல வேண்டும். நீண்ட விவாதத்துக்குப் பின் 1983 முதல் 1990 வரை வந்தவர்களை எடுத்துக்கொண்டோம். 83 கலவரத்துக்குப் பின் எங்கள் ஆட்கள் வரத் தொடங்க, 1985இல் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. கொமன்வெல்த் நாடொன்றின் மக்களுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1987 பெப்ரவரியில், திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் ஹீத்ரோவில் உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அதே ஆண்டு ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலைத் தடுப்பு முகாமாக்கி எங்கள் பெடியளையும் அதில் வைத்திருந்தார்கள். ஒக்டோபர்ப் புயலில் அது கட்டறுத்துப் போய்த் தரைதட்டியது.

இவையெல்லாம் பத்திரிகைகளில் இருக்கின்றன. அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1987 டிசம்பரில் தீர்ப்புச் சொன்ன, தமிழ் அகதிகளின் சிவகுமாரன் வழக்கை இன்றும் அகதிச் சட்டம் படிப்பவர்கள் படிக்கிறார்கள். ஆனால் அந்தக் கப்பலில் என்ன சாப்பாடு கொடுத்தார்கள், ஒரு அறை வீட்டில் எத்தனை பேர் முறைவைத்துப் படுத்தார்கள், பெற்றோல் செட்டில் முதல் இரவு வேலை எப்படிப் போனது என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. 83இல் முப்பது வயதில் வந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்.

அறுபதுகளில் படிக்க வந்த டொக்டர்மார், எக்கவுண்டன்மார் தலைமுறையை விட்டுவிட்டோம் என்று சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. அவர்களின் கதையும் வேண்டியதுதான். ஆனாலும் அவர்களில் பலர் பழைய மாணவர் மலர்களில் எழுதியிருக்கிறார்கள். இரவு வேலை செய்தவர்களுக்கு எழுத நேரம் இருக்கவில்லை.

லொத்தர் என்றால் சூதாட்டக் காசு, அது எங்களுக்கு வேண்டாம் என்ற ஆட்சேபமும் வந்தது. அதை மதிக்கிறேன். ஆனால் இந்த மண்டபத்தில் நாம் பாவிக்கும் ஸ்பீக்கர் ராஃபிள் சீட்டு விற்ற காசில் வாங்கியது என்பதையும் நினைவூட்டுகிறேன். குழு பெரும்பான்மையால் விண்ணப்பிக்க முடிவெடுத்தது.

நாம் கேட்பது 10,000 பவுண்டு முதல் 250,000 பவுண்டு வரையான பிரிவின் அடிமட்டத்தில் உள்ள ஒரு தொகை. வரவுசெலவைப் பார்த்தவர்கள் ரெக்கோடர், மைக் எல்லாம் இவ்வளவு மலிவா என்று ஆச்சரியப்பட்டார்கள். செலவு எழுத்தாக்கத்தில்தான். ஒரு மணி நேரப் பேச்சை அப்படியே எழுத ஆறு மணி நேரமாவது பிடிக்கும். எங்கள் ஆட்கள் ஒரே வசனத்தில் யாழ்ப்பாணப் பேச்சும் ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) ஆங்கிலமும் கலந்து பேசினால் இன்னும் கூடும். அதைச் செந்தமிழாகத் திருத்த வேண்டாம், சொன்னபடியே எழுத வேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் இருவர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சுற்றுச்சூழலை எப்படிப் பாதுகாப்பீர்கள் என்ற கேள்விக்கும் பதில் எழுத வேண்டியிருந்தது. அந்த நிதியத்தின் நான்கு கோட்பாடுகளில் அதுவும் ஒன்று. வீட்டு வரவேற்பறையில் இருந்து கதை கேட்பதால் சூழலுக்கு என்ன வந்துவிடும் என்று யோசித்துவிட்டு, பஸ்ஸில் போவோம், ரீசார்ஜ் பற்றரி பாவிப்போம் என்று எழுதினோம்.

உண்மையில் கடினமானது காசு அல்ல, சம்மதப் பத்திரம். நிதியத்தின் பணத்தில் உருவாகும் டிஜிட்டல் ஆக்கங்களை யாரும் பாவிக்கலாம் என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது பொது விதி. தனிப்பட்ட, பாதிப்பு வரக்கூடிய விடயங்களுக்கு விலக்குக் கேட்கலாம். மறுபக்கம், 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பேசியவரின் சொல்லுக்கு உரிமை பேசியவருக்கே. அவர் கையெழுத்திட்டுத் தராமல் சங்கம் அதை வெளியிட முடியாது.

இது எவ்வளவு முக்கியம் என்பது சோதனைப் பதிவிலேயே தெரிந்தது. இருக்கிற உபகரணத்தோடு ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனோம். குசினி ஃபிரிட்ஜின் இரைச்சல் பேச்சைவிடக் கூடக் கேட்டது. அதை நிறுத்தி வைத்தோம். சேலைத் தலைப்பில் குத்திய மைக்கில் காப்பு உரசுகிற சத்தம் வந்தது. காப்பைக் கழற்ற மாட்டேன் என்றார், மைக்கைத்தான் மாற்றினோம். பிறகு நன்றாகப் போனது. கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பெர்லின் என்று வழியை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கூட்டிவந்த ஏஜென்சிக்காரரின் பெயருக்கு வந்ததும் கையைக் காட்டினார். "தம்பி, உதை நிப்பாட்டும். அந்த ஆளின்ரை பிள்ளையள் இஞ்சைதான் இருக்கினம்." நிறுத்தினோம். தேத்தண்ணி குடித்தபின் அந்தப் பெயரைச் சொன்னார், பதிவில் அல்ல.

இதனால் எங்கள் பத்திரத்தில் மூன்று தெரிவுகள் வைத்திருக்கிறோம்: முழுதும் திறந்தது, பெயர் மறைத்தது, சொன்னவர் குறிக்கும் ஆண்டு வரை மூடி வைப்பது. பதிந்த பிறகும், வெளியிடுமுன் ஒருமுறை கேட்டுப் பார்த்து மனம் மாறலாம். திறந்த பதிவுகள் குறைந்தால் நிதி தருபவர்களுக்குத் திட்டம் மெலிந்ததாகத் தெரியக்கூடும் என்று குழுவில் ஒருவர் எச்சரித்தார். அப்படியானால் மெலிந்தே இருக்கட்டும் என்பது என் நிலைப்பாடு.

விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. தொடங்க அனுமதி வருமுன் செய்த செலவை அவர்கள் தர மாட்டார்கள் என்பதால் ஆர்வத்தில் யாரும் ரெக்கோடர் வாங்கிவிட வேண்டாம். கிடைத்தால் பாதிப் பணம் முதலிலும், 40 வீதம் நடுவிலும், கடைசி 10 வீதம் வேலை முடிந்து அறிக்கை கொடுத்த பிறகும் வரும். அந்தக் கடைசிப் பங்கை முன்கூட்டிச் சங்கக் கணக்கிலிருந்து ஒதுக்கி வைக்கப் பொருளாளர் இன்று உங்கள் அனுமதி கேட்பார்.

வாய்மொழி வரலாற்றுச் சங்கம் பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்து நடத்தும் பயிற்சிக்கும் விண்ணப்பத்தில் பணம் கேட்டிருக்கிறோம். தமிழில் ரைப் செய்யத் தெரிந்த இளையவர்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், பெயர் தரவும். சில அன்ரிமார் ஆண்களிடம் பேச மாட்டோம் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். பெயர்ப் பட்டியல் வாசல் மேசையில், தேத்தண்ணிப் பக்கத்தில் இருக்கிறது.

சம்மதப் பத்திரத்தின் நகலும் அங்கேயே உண்டு. வாசித்துவிட்டு, அதைப் பற்றிய இன்றைய மூன்றாவது தீர்மானத்தில் வாக்களிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்