ட்ரையல்ஸ் சைக்கிள் வாங்கிய மகளுக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள மேகலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய போட்டோக்களை நம் சைக்கிள் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். சீட்டே இல்லாத சைக்கிள் என்றதும் அம்மாவுக்குப் புரியவில்லை. "உட்காராம எப்படி ஓட்டுவா?" என்று கேட்டாள். அது ஊர் சுற்றுகிற வண்டி இல்லை, பாறை மேலும் சுவர் மேலும் காலைக் கீழே ஊன்றாமல் ஏறி இறங்குகிற வண்டி என்று விளக்கினேன். அன்றிலிருந்து தினமும் ராத்திரி உன்னைப் பற்றித்தான் பேச்சு.

லேசான ரிம், டைட்டானியம் போல்ட், கார்பன் ஃபோர்க், இந்த மூன்றில் எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு மூன்றும் வேண்டாம் கண்ணு. கையில் இருக்கிற பணத்தைச் செயின், ஃப்ரீ வீல், பிரேக் இந்த மூன்றில் போடு. பழைய வண்டி வாங்கியிருக்கிறாய். விற்றவர் பெயின்ட்டைப் பளபளவென்று துடைத்துக் கொடுத்திருக்கிறார், செயினைத் தொட்டதாகவே தெரியவில்லை.

செயினைப் பற்றி நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நம் ஊர் சைக்கிளில் முன்னால் இருக்கிற பல் சக்கரத்துக்கு 44 பல் என்று வை. அதன் ஆரம் 89 மில்லிமீட்டர் வரும். பெடல் மாட்டுகிற கை, அதாவது கிராங்க், 170 மில்லிமீட்டர் நீளம். அப்படியென்றால் பெடலில் நீ கொடுக்கிற அழுத்தம் செயினில் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவான இழுவையாகப் போகும். உன் 20 அங்குல ட்ரையல்ஸ் வண்டியில் முன்னால் 18 பல்தான், பின்னால் 12. அந்த 18 பல் சக்கரத்தின் ஆரம் 36 மில்லிமீட்டர். கிராங்க் 160 என்று எழுதியிருந்தாய். நான்கு மடங்குக்கும் மேல் வருகிறது. 55 கிலோ ஆள் பெடல் மேல் சும்மா ஏறி நின்றாலே செயினில் 240 கிலோ இழுவை. நீ சும்மா நிற்கப் போவதில்லை. பின் சக்கரத்தில் நின்றுகொண்டு, பிரேக்கை ஒரு நொடி விட்டு, பெடலை உதைத்து எழும்பப் போகிறாய். அந்த நேரத்தில் செயின் அறுந்தால் கால் வெறும் காற்றை உதைக்கும், முகம் நேராக எதிரே இருக்கிற கல்லுக்குப் போகும். கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது.

அதனால் செயினை இப்படிப் பார். கழற்றி, மண்ணெண்ணெயிலோ டீகிரீஸரிலோ கழுவி, ஒரு வெள்ளைத் துணி மேல் நீளமாகப் போடு. ஒவ்வொரு கண்ணியாக விரலில் மடக்கிக்கொண்டே போ. ஏதாவது ஒரு கண்ணி மடங்காமல் விறைப்பாக நின்றால் அங்கே கண்ணிகளைக் கோக்கிற பின் நகர்ந்திருக்கும் அல்லது தகடு வளைந்திருக்கும். தகட்டில் பின் நுழைகிற ஓட்டையைச் சுற்றி மயிரிழை மாதிரி கீறல் இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார். கீறல் கண்ணில் பட்டால் அந்தக் கண்ணியை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதே, மொத்தச் செயினையும் தூக்கிப் போடு. அப்புறம் இஞ்சு அளவுகோலை வைத்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து இன்னொரு பின்னின் நடுவரை 12 அங்குலம் அளந்து பார். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வரும். அதைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால், சாதாரண சைக்கிளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விட்டுவிடுவேன், உனக்கு விட மாட்டேன். போட்டோவில் ஒரு இடத்தில் கையால் மாட்டிக் கழற்றுகிற இணைப்புக் கண்ணி தெரிகிறது. சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அது வசதி. இந்த வேலைக்கு வேண்டாம். புதுச் செயினைச் செயின் டூல் வைத்து, பின்னை அடித்து இணைத்துக்கொள். கே.எம்.சி. கம்பெனியின் அகலமான ஒற்றை கியர் செயின் நல்ல சரக்கு, ட்ரையல்ஸ் ஓட்டுகிறவர்களும் அதைத்தான் நிறையப் போடுகிறார்கள்.

புதுச் செயின் போடும்போது பின்னால் இருக்கிற 12 பல் சக்கரத்தையும் பார். பல்லின் ஒரு பக்கம் கொக்கி மாதிரி சாய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுச் செயினையும் அது தின்றுவிடும். அது மரை ஏற்றிப் பொருத்துவது. நீ உதைக்க உதைக்க இறுகிக்கொண்டே போகும். பொருத்தும்போது மரையில் கிரீஸ் தடவாமல் விட்டால் பிறகு கழற்றும்போது சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பின் அலுமினிய மரையும் சேர்ந்து வந்துவிடும். முன்னால் கிராங்கில் இருக்கிற ஃப்ரீ வீலுக்கும் இதே கதைதான்.

செயின் தொய்வு சரி பார்க்கும் முறை உன் வண்டியில் வேறு மாதிரி. ஃப்ரீ வீல் கிராங்கில் இருக்கிறது, பின்னால் பல் சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. பெடலைப் பின்னுக்குச் சுற்றினால் செயின் அசையாது. அதனால் வண்டியைத் தலைகீழாக வைத்து, பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே செயினை மேலும் கீழும் அழுத்திப் பார். எந்தப் பல் சக்கரமும் துல்லியமான வட்டம் இல்லை, ஓர் இடத்தில் இறுகும், ஓர் இடத்தில் தளரும். இறுகுகிற இடத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் இருந்தால் போதும். இன்னொன்று, சக்கரம் சுற்றினால் செயினும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கப் போகாதே. அப்படித் துடைக்கப் போய் விரல் நுனியைப் பறிகொடுத்தவர்களை எங்கள் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

இனி ஃப்ரீ வீல். முன்னுக்கு மிதித்தால் பிடித்து, பின்னுக்குச் சுற்றினால் கிளிக் கிளிக் என்று நழுவுகிற சாமான் அது. நம் சாதாரண ஃப்ரீ வீலில் 18 கிளிக் இருக்கிறது என்று வைத்தால், ஒரு கிளிக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் 20 டிகிரி. பெடல் அவ்வளவு தூரம் வெறுமனே போன பிறகுதான் பிடிக்கும். சுவர் விளிம்பில் பின் சக்கரத்தில் நிற்கிறவளுக்கு அந்த 20 டிகிரிக்குள் நிதானம் போய்விடும். 72 கிளிக் என்றால் 5 டிகிரி, 108 என்றால் மூன்றே கால் டிகிரி சொச்சம். வொய்ட் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 72 கிளிக்கில் செய்கிறது, எக்கோ கம்பெனி 108-இல் செய்கிறது. கிளிக் அதிகமாக அதிகமாக உள்ளே இருக்கிற பற்கள் பொடிப்பொடியாகிவிடும், அழுக்கைத் தாங்காது. நீ இப்போதுதான் பழகுகிறாய், உனக்கு 72 தாராளம், கழற்றிச் சுத்தம் செய்து மாட்டவும் முடிகிற சரக்கு. எதை வாங்கினாலும் உள்ளே கெட்டியான கிரீஸ் அடைக்காதே. கிரீஸ் குளிரில் இறுகி, உள்ளே பல்லைப் பிடிக்கிற நாக்குகள் எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும். உதைக்கிற நேரத்தில் நழுவும். மெல்லிய எண்ணெய் சில சொட்டு போதும். காதை வைத்துக் கேள், கிளிக் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் ஒரு சத்தம் விட்டுப்போனால் அன்று ஓட்டாதே.

பிரேக்கைப் பார்த்ததும் எனக்கு உற்சாகமாக இருந்தது. மகுரா கம்பெனியின் எச்.எஸ்.33, ஆயில் அழுத்தத்தால் ரிம்மைப் பிடிக்கிற ஹைட்ராலிக் பிரேக். ரிம்மின் பக்கச் சுவரைக் கிரைண்டர் வைத்துச் சொரசொரப்பாக்கியிருக்கிறார்கள். அம்மி வழுவழுப்பானால் கொத்துவோமே, அதே வேலைதான். சிலர் கிரைண்ட் செய்யாமல் ரிம்மில் தார் தேய்த்துக்கொள்கிறார்கள், காய்ந்திருக்கும்வரை நன்றாகப் பிடிக்கும், நனைந்தால் வழுக்கும். நீ இருக்கிற எடின்பரோ மழைக்குக் கிரைண்ட் செய்த ரிம்தான் சரி. போட்டோவில் வால்வுக்குப் பக்கத்தில் கோடுகள் அழிந்து ரிம் மின்னுகிறது. அந்த இடத்தில் பிடிப்பு குறையும். திரும்பக் கிரைண்ட் செய்வதாக இருந்தால் கை தேர்ந்தவரிடம் கொடு. ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் மெலிகிறது, கடைசியில் ரிம் பிளந்துவிடும்.

பிரேக் கட்டையான பேட் ரிம்மில் படும்போது முழு நீளமும் ஒரே நேரத்தில் பட வேண்டும். மேல் விளிம்பு டயரைத் தொட்டால் டயரை அறுத்துவிடும், கீழே இறங்கினால் பேட் ரிம்முக்கு அடியில் நழுவும். பேட்டின் முகத்தில் வெள்ளி மாதிரி அலுமினியப் பொடி ஒட்டியிருக்கும், கத்தி முனையால் சுரண்டி எடு. லீவரை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் பலமாகத் தள்ளு. பின் சக்கரம் கொஞ்சம்கூட நகரக் கூடாது. லீவர் மெத்தென்று அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, ஆயில் மாற்ற வேண்டும். அதற்கு மகுராவின் நீல நிற மினரல் ஆயில் மட்டும். கார் பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் எல்லாம் ஊதிப் போகும். லீவர் லேசாக இருக்கட்டும் என்று ஆயிலுக்குப் பதில் தண்ணீர் நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். உன் ஊர்க் குளிரில் அது உறைந்துவிடும், நீ ஆயிலிலேயே இரு. செயினுக்கு எண்ணெய் விடும்போது ஸ்ப்ரே அடிக்காதே, ரிம்மில் ஒரு துளி பட்டாலும் பிரேக் போனது போலத்தான். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடு.

டைட்டானியம் போல்ட் விஷயம். ஸ்டெம்மில் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற நான்கு போல்ட்டும் நல்ல எஃகில் இருக்கட்டும், குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி, முறுக்கின் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து, ஸ்டெம்மில் எழுதியிருக்கிற அளவுக்கு முறுக்கு. ஹேண்டில்பார் அலுமினியம். எஃகு வளைந்து காட்டிக்கொடுக்கும், அலுமினியம் சொல்லாமல் ஒடியும். பழைய பார் எத்தனை முறை விழுந்தது என்று உனக்குத் தெரியாது, அதனால் அதை மாற்றிவிடு. நான் சொன்ன மூன்றுக்கும் அடுத்தபடி பணம் போக வேண்டிய இடம் அது.

டயருக்கு அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பின் ரிம் 19 அங்குலம் என்று சொல்கிறார்கள், வழக்கமான 20 அங்குல டயர் அதில் உட்காராது, பார்த்து வாங்கு. காற்று குறைவாக இருந்தால்தான் கல்லைப் பிடிக்கும். ஆனால் குதித்து இறங்கும்போது ரிம் தரையில் இடிக்கிற சத்தம் வந்தால் இன்னும் கொஞ்சம் அடி.

இந்த விளையாட்டைப் பற்றி நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்பெயினில் கட்டலோனியாவில் பெரே பி என்றொருவர், மோன்டேசா கம்பெனிக்காக மோட்டார் சைக்கிளில் ட்ரையல்ஸ் ஓட்டியவர். தன் பையன் ஓட் பி மோட்டார் இல்லாமலே பழகட்டும் என்று 1970-களில் சைக்கிளில் ஆரம்பித்துவைத்தார். அந்தப் பையன் பின்னால் உலக சாம்பியன் ஆனான். 2009-இல் உன் எடின்பரோவின் தெருக்களிலும் வேலிக் கம்பிகளிலும் ஓட்டிக் காட்டிய டேனி மெக்காஸ்கில் அப்போது அதே ஊரில் சைக்கிள் கடை மெக்கானிக். கம்பி முனைகள் மேல் வண்டியை நிறுத்துகிறவர் அந்த வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் தன் கையால் முறுக்கத் தெரிந்தவர் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீயும் உன் வண்டியை நீயே கழற்றி மாட்ட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சின்ன வயதில் கடையில் உட்கார்ந்து வீல் பெண்டு எடுத்த கைதானே அது.

அடுத்த மாதம் சித்தப்பா அங்கே வருகிறார். என் செயின் டூலையும், ஃப்ரீ வீல் கழற்றுகிற சாமானையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஃப்ரீ வீலில் கழற்றும் சாமான் மாட்டுகிற காடி எத்தனை என்று எண்ணி எனக்கு எழுது, தப்பான சாமான் வந்துவிட்டால் வீண். செயினை அளந்து அளவையும் அனுப்பு. 12 பல் சக்கரத்தைப் பக்கவாட்டில், வெளிச்சத்தில், ஒரு போட்டோ எடு. அதைப் பார்த்துவிட்டுச் சொல்லும்வரை தரையிலேயே பழகு, சுவர் பக்கம் போகாதே.

அம்மா ஹெல்மெட்டுக்குத் தனியாகப் பணம் அனுப்பியிருக்கிறாள். அதில் ரிம் வாங்காதே.

அன்புடன்,
அப்பா