நாரி நோவை நம் சொல்லால் அளக்க: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்பான உறவுகளே, வணக்கம்.

கனடாவின் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வேலை செய்கிற கைரோபிராக்டர்கள் (முதுகெலும்பைக் கையால் தள்ளித் திருத்திச் சிகிச்சை செய்பவர்கள்) 7 பேரும், எங்களிடம் வந்துபோகிற நோயாளர் 4 பேரும் சேர்ந்த குழு இது. இதுவரை யாரிடமும் காசு கேட்டு எழுதியதில்லை. இப்போது கேட்கிறோம்.

முதுகு நோ, நாரி (கீழ்முதுகு) நோ என்று வருகிறவரிடம் ‘பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை?’ என்று கேட்பது எங்கள் வழக்கம். பக்டரியில் 20 வருடம் நின்று வேலை செய்த ஓர் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “நோ இல்லைத் தம்பி, நாரி உளையுது” என்றார். படிவத்தில் என்ன எழுதுவது? பூச்சியமா? குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு, பிடிப்பு எல்லாம் நம் ஆட்களுக்கு வேறு வேறு. கூட வந்த மகள் அத்தனையையும் ‘பெயின்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஆறு வாரம் கழித்துக் குறைந்ததா என்று பார்க்கும்போது எதை எதோடு ஒப்பிடுவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. நாங்களே கேட்டால், மரியாதைக்காக “இப்ப நல்ல சுகம் டொக்டர்” என்றுதான் பதில் வரும்.

ஆகவே, நம் நோச் சொற்களை முறையாகத் திரட்டி ஒரு தமிழ் வினாப்படிவம் தயாரித்து, நாரி நோவுள்ள 120 பேரை ஒரு வருடம் பின்தொடரப் போகிறோம். கேள்வி கேட்பவர் சிகிச்சை செய்பவராக இருக்க மாட்டார். எங்களிடம் முதுகைத் திருத்திக்கொண்ட நோயாளர்களில் யாருக்குச் சுகம் வந்தது, நடையும் பயிற்சியும் மட்டும் செய்தவர்களுக்கு எப்படி என்று இரண்டையும் பார்ப்போம்.

எங்கள் தொழிலுக்கு இது தேவை. 1895இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் டி. டி. பாமர், காது கேளாத ஹார்வி லில்லர்டின் முதுகெலும்பைத் தள்ளிச் சரிசெய்ததில் அவருக்குத் திரும்பவும் காது கேட்டது என்பதுதான் கைரோபிராக்டிக்கின் பிறப்புக் கதை. 100க்கு 95 நோய்களுக்கு இடம் நகர்ந்த முள்ளெலும்பே காரணம் என்றுகூட அவர் எழுதினார். அதை இன்று அப்படியே சொல்ல முடியாது. ஆனால் உடலுக்குள் தன்னைத்தானே சீராக்கும் ஓர் அறிவு உண்டு என்ற அவருடைய தத்துவத்தை என்ன செய்வது? எங்கள் குழுவில் இரண்டு பேர் அதை நம்புகிறார்கள், மூன்று பேருக்கு அது பழங்கதை, மற்றவர்கள் நாளுக்கொன்று சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரும் வந்து கேட்கக்கூடிய திறந்த கலந்துரையாடல் வைத்து இதைப் பேசித் தீர்ப்போம். இதற்கான செலவு மண்டப வாடகையும் தேநீரும் மட்டுமே.

கேள்வி சங்கடமானது என்பதற்காக ஆய்வைத் தவிர்க்க முடியாது. கழுத்தைத் திருத்தினால் பக்கவாதம் வருமா என்பது எங்கள் தொழிலின் ஆகச் சங்கடமான கேள்வி. 2008இல் வெளியான ஒன்ராறியோ ஆய்வொன்று, மூளையின் பின்பகுதிக்குப் போகும் இரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட 818 பக்கவாதங்களை எடுத்துப் பார்த்தது. அதற்குமுன் கைரோபிராக்டரிடம் போனதோடு தொடர்பு தெரிந்தது, குடும்ப வைத்தியரிடம் போனதோடும் அதேபோலத் தெரிந்தது. குழாய் கிழியத் தொடங்கியதால் வந்த கழுத்து நோவுக்காகவே அவர்கள் உதவி தேடிப் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர் விளக்கம். விவாதம் அதோடு முடியவில்லை. ஆனால் சத்தத்துக்குப் பதில் கணக்கு வந்தது.

முதுகு நோவுக்கும் கணக்கு உண்டு. 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு மதிப்பீடு, புதிதாக வந்த நாரி நோவுக்கு இந்தச் சிகிச்சையால் மிதமான சுகம் கிடைக்கிறது என்றது. மிதமான சுகம்தான், அற்புதம் அல்ல. 2004 இறுதியில் ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் எங்கள் சிகிச்சைக்குப் பணம் தருவதை நிறுத்தியதிலிருந்து, வேலையிட காப்புறுதி இல்லாத முதியவர் கைக்காசுதான் கட்டுகிறார். அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தேவைப்படுவது 38,000 டொலர். பெரும்பகுதி பகுதிநேர ஒருங்கிணைப்பாளருக்கும் புள்ளிவிபரவியலாளருக்கும் போகும். அப்புறம் நெறிமுறைக் குழுவின் கட்டணம், படிவ அச்சு, வயதானவர்களின் பஸ் காசு. 11,400 டொலரை நாங்களே போட்டுவிட்டோம். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் காசு எடுக்கலாம், அதில் ஒருவர் நோயாளர் தரப்பு. முடிவு எங்களுக்கு எதிராக வந்தாலும் வெளியிடுவோம், எவ்வளவு பெரிய தொகை தந்தவரும் அதை மாற்றச் சொல்ல முடியாது. ஒரு வருடத்துக்குள் தொகை சேராவிட்டால் தந்தவருக்கே திருப்பிக் கொடுப்போம். நாங்கள் பதிவுபெற்ற அறநிறுவனம் அல்ல, ஆகவே வரிப் பற்றுச்சீட்டு தர முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஐந்து டொலரும் சரி, ஐந்நூறும் சரி. குழுவினரின் கிளினிக் வரவேற்பு மேசையில் காசோலையாகக் கொடுக்கலாம், அங்கேயே ஈ-ட்ரான்ஸ்பர் விபரமும் கிடைக்கும். காசு தர வசதியில்லாவிட்டால், உங்கள் வீட்டு அம்மம்மா முதுகு நோகும்போது என்ன சொல்லி முனகுவார் என்பதை ஒரு துண்டில் எழுதி, ஊர்ப் பெயரோடு அதே மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.